கொப்பியில் ஏறாத முழங்கால்

உதைபந்தாட்ட அணியில் எல்லாரும் பந்தைப் பார்த்து ஓடுவார்கள்; பிசியோ ஒருவன்தான் விழுந்தவனைப் பார்த்து ஓடுகிறவன். ஐஸ் பெட்டி சுமந்தே ஒரு தோள் இறங்கிப்போன என் தொழில் சகோதரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்போது எனக்கு வயது பத்தொன்பது. கணுக்கால் முறிந்து ஆட்டம் போனபின் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் கட்டுப்போடப் பழகி, கண்டியில் ஒரு இளைஞர் அணியோடு ஊர் ஊராகப் போய்வந்தேன். ஆட்களின் குரலில் பேசுவது எனக்குக் கூடப்பிறந்த வியாதி.

குரல் வைத்தியம்

கம்பளையில் ஆட்டத்துக்கு முந்திய பயிற்சி. ஐந்து பேர் புல்லில் கிடந்து முனகினார்கள். நான் வேனுக்குப் பின்னால் போய், கோச் சிவம் சேரின் யாழ்ப்பாணக் குரலில், "எழும்புங்கோடா! மைதானத்தைச் சுத்திப் பத்துத்தரம்!" என்று ஒரு அதட்டல் போட்டேன். நாலு பேர் எழும்பி ஓடினார்கள். கிடந்த ஐந்தாமவனுக்குத்தான் உண்மையான சுளுக்கு. அவனுக்கு ஐஸ் வைத்தேன்.

ஓடியவர்களில் முதலாவது ஆள் கோல் காக்கும் எங்கள் கோலி ரிஸ்வான், திகனக்காரன். காலை உணவின்போதே தன் கணுக்கால் "முடிஞ்சிபோச்சி" என்று சொன்னவன். மூன்றாவது சுற்றில்தான் விஷயம் பிடிபட்டு, மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றான். "மச்சான், நீ குணப்படுத்தின முதல் ஆள் நான்தான், வெளியில சொல்லிராதே."

காயக் கணக்கு

சண்டைக் காலம் அது; வீதியை மறித்துச் சோதிக்கும் சென்றிகளில் ஆமிக்காரர்கள் தமிழ்ப் பொடியன்களின் முழங்காலையும் முழங்கையையும்தான் முதலில் பார்ப்பார்கள். தழும்பு இருந்தால் எங்கேயோ தவழ்ந்து ஆயுதப் பயிற்சி எடுத்தவன் என்று சந்தேகம். எங்கள் அணியிலோ தழும்பில்லாத முழங்கால் ஒன்றுகூடக் கிடையாது.

அதனால் சேர் ஒரு வழி செய்தார். ஒவ்வொரு காயத்தையும் நான் ஒரு கொப்பியில் சிங்களத்தில் எழுதவேண்டும்: யார், எந்த மைதானம், எந்தத் திகதி, எத்தனை அங்குலம். பின்னேரம் அவர் வாசித்துக் கையெழுத்து வைப்பார். காயம் ஆறாதவன் அடுத்த ஆட்டத்தில் இல்லை. இவ்வளவு எழுத வேணுமா என்று சிணுங்கினேன். "மற்ற ரீம்காரர் கோலை எழுதிவைக்கினம் தம்பி, நாங்கள் தோலை எழுதிவைப்பம்."

செல்வத்தின் காற்சட்டை

செல்வம் தெல்தோட்டைத் தோட்டத்துப் பையன், எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். பதினெட்டு வயதாகியும் அடையாள அட்டை வரவில்லை. அதற்குப் பதிலாகத் தோட்டத்திலிருந்து வாங்கிய ஒரு கடிதத்தை மடித்து மடித்து நாலு துண்டாக்கி வைத்திருந்தான். மாத்தளையில் நடக்கும் தெரிவு ஆட்டத்தில் எடுபட்டால் மாகாண அணியின் அட்டை கிடைக்கும். சென்றியில் காட்டக்கூடிய, படம் ஒட்டி முத்திரை குத்திய அட்டை. அதைப் பற்றிப் பேசும்போது அவன் பந்தைப் பற்றிப் பேசுவதில்லை.

மாத்தளைக்கு மூன்று நாள் இருக்கும்போது, நீளக் காற்சட்டையோடு பயிற்சிக்கு வந்தான். மடித்துப் பார்த்தேன். முந்தின நாள் பயிற்சியில் விழுந்ததில் வலது முழங்கால் சிராய்ந்து பலாக்கொட்டை போல வீங்கியிருந்தது. நான் கொப்பியை எடுத்தேன். அவன் அதன்மேல் கையை வைத்தான். "அண்ணே, முட்டி அடுத்த மாசமும் இருக்கும், செலக்சன் இருக்காதுண்ணே."

நான் எழுதவில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில்

மாத்தளைக்குப் போகும் காலையில் சென்றியில் வேனை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் ஒருவர் முழங்கால்களைப் பார்க்க, நான் வரிசையாகக் கொப்பியை வாசித்தேன். ரிஸ்வானின் முழங்கை, நாவலப்பிட்டி, சரளைக்கல். சரி. அடுத்தவன், கம்பளை, ஆணி. சரி. அடுத்தது செல்வம். கையில் நாலு துண்டுக் கடிதம், காலில் புதுக் காயம். "இது எந்தப் பக்கத்தில்?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் பக்கங்களைப் புரட்டினேன். இல்லாததை எவ்வளவு நேரம் தேட முடியும்? கடிதத்தை வாங்கிக்கொண்டு செல்வத்தைத் தனியே மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அந்த நாட்களில் யாரும் கேட்பதில்லை.

ஊரிலுள்ள எல்லாருடைய குரலும் எனக்கு வரும்; அன்று என்னுடையது வரவில்லை. கடைசியில் சிங்களத்தில் சொன்னேன்: பயிற்சியில் விழுந்தான், நான்தான் சேருக்குத் தெரியாமல் மறைத்தேன். சென்றியில் சேர் தமிழே பேசமாட்டார். யாழ்ப்பாணத் தமிழ் கேட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை மறந்துபோய் வெடித்தார். "விசரா! இந்தப் பிள்ளையின்ர தாய்க்கு நான் என்ன சொல்லுறது? நீ ஐஸ் பெட்டி தூக்கினது காணும், வேனில ஏறாம நட!" கழுத்து நரம்பு புடைக்க நிறுத்தாமல் ஏசினார். ஆமிக்காரருக்கு ஒரு வார்த்தைகூட விளங்கியிருக்காது. ஆனாலும் கடைசிவரை கேட்டார். பிறகு செல்வத்தைக் கையசைத்துக் கூப்பிட்டு, கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துச் சிங்களத்தில் சொன்னார்: "எங்கட பெரியவரும் எனக்கு இப்படித்தான் ஏசுவார், இது நடிப்பில்ல, ஏறிப் போங்க."

மாத்தளை மைதானம்

சேர் செல்வத்தை ஆட்டத்தில் இறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் என் பக்கத்துக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நான் ஐஸ் வைத்துக்கொண்டே இருந்தேன். ரிஸ்வான் எடுபட்டான். பெயர் வாசித்தபோது எல்லாருக்கும் முன்னால் கை தட்டியது செல்வம். திரும்பிப் போகவும் அவனிடம் அந்தக் கடிதம்தான்.

வலி எப்படி என்று தொழில்முறையில் கேட்டுவைத்தேன். "முட்டி பரவால்லண்ணே, உக்காந்து பாக்கிறதுதான் வலிக்குது."

நாட்டில் அவனவன் காயத்தை மூடிக்கொண்டு நடந்த காலத்தில், கொப்பி போட்டுக் காயத்தைக் காட்டி ஊர் சுற்றிய ஒரே கோஷ்டி நாங்களாகத்தான் இருப்போம்.