பனியில் வெறுங்கால்

ஜப்பானில் ஒரு பனிமலையின் பாதி வழியில் நிற்கிறோம். இங்கே வேலை செய்யும் மகள்தான் என்னையும் என் மனுசியையும் காலையில் கூட்டி வந்தாள். எங்கள் ஊர் வட்டக்கச்சியில், வயல் வரம்பிலேயே வழுக்கி விழுகிறவன் நான். இங்கே விழுந்தால் அவ்வளவாக நோவதில்லை, அது ஒரு வசதி.

பாதையோரம் ஒரு சின்னக் கோயில். கண்டதும் என் கை தானாகவே சப்பாத்தையும் சொக்சையும் கழற்றிவிடுகிறது. வெறுங்காலைப் பனியில் வைத்த பிறகுதான் மூளை வந்து சேருகிறது.

"அப்பா, என்ன விசர் வேலை! இஞ்ச சப்பாத்தோட கும்பிடலாம். விரல் கறுத்துப் போகும்!" என்று மகள் கத்துகிறாள்.

விரல் போனால் வயல் சேற்றில் எதை ஊன்றி நிற்பது? சப்பாத்தை எடுக்கக் குனிகிறேன்.

"கழட்டினது கழட்டியாச்சு, ஒருக்காச் சுத்திப்போட்டு வாங்கோ," என்கிறாள் மனுசி, தன் சப்பாத்தைக் கழற்றாமலே.

கோயிலைச் சுற்றிச் சவளால் பனி அள்ளிக்கொண்டிருந்த கிழவர் ஓடி வந்து, என் காலைப் பார்த்து ஏதோ கேட்கிறார். எங்கள் ஊரில் வெறுங்காலோடுதான் கும்பிடுவோம் என்று மகள் விளக்க, திரும்பவும் ஏதோ கேட்கிறார்.

"உங்கட ஊர்க் கோயில் நிலம் குளிராதோ எண்டு கேக்கிறார் அப்பா."

"சுடும் எண்டு சொல்லு பிள்ளை. மத்தியானத்தில ஓடி ஓடித்தான் கும்பிடுறனாங்கள்."

மகள் சொல்லி முடிக்க, கிழவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். சவளைப் போட்டுவிட்டு என் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி ஓடத் தொடங்குகிறார். என்னையும் கைகாட்டி அழைக்கிறார்.

பின்னால் ஓடுகிறேன். சாமியைக் கும்பிட்டேனோ தெரியாது. சப்பாத்தை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே ஓடுகிறேன்.