ம என்ற எழுத்துக்கு ஏழு

கருப்பம்மாவுக்கு மொத்தத்தில் ஒரே ஓர் எழுத்துத்தான் தெரியும். அது 'ம'. அதையும் முப்பத்தைந்து வயதுக்கு மேல், பசறைக் கடைவீதியில், மொஹிதீனின் புடவைக் கடை வாசலில் நின்றுதான் கற்றுக்கொண்டாள். மற்ற எழுத்துகள் அவளுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட அந்த ஒன்றும் அவளை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் புருஷன் அழகரோடு துறையூர்ப் பக்கத்திலிருந்து கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்ட நாளில், மூன்று வயது மகள் பாக்கியலெட்சுமிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. காய்ச்சல் பிள்ளையை நோய் பார்க்கும் முகாமில் கண்டால் பெற்றவர்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஆள் கட்ட வந்த கங்காணி மிரட்டினான். "ஒரு வருஷந்தானே, அடுத்த கூட்டத்தோட வந்து சேந்துடும்" என்றான். பிள்ளையை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு வருஷமாம்! அவன் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க! நமுனுகுல மலையில் அழகர் குளிர்காய்ச்சலில் செத்தே நாலு வருஷமாகியிருந்தது.

தோட்டத்து வரிசைவீட்டு லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்த மாரியாயிக்குப் பாக்கியலெட்சுமி வயதில் ஒரு மகள். அந்தப் பெண் பல் விழுந்து நின்றபோது, 'எம்மகளுக்கும் இப்பப் பல் விழுந்திருக்கும்' என்று நினைத்துக்கொள்வாள் கருப்பம்மா. அவள் சடங்காகி உட்கார்ந்தபோது இவள் தன் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இன்னொருத்தி பிள்ளையை வைத்துத் தன் பிள்ளையைப் பார்ப்பதில் வயிறு நிறையுமா?

அப்படியிருக்கும்போதுதான் ஆடிக் கடைசியில் கடுதாசி வந்தது. பாக்கியலெட்சுமிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. புருஷன் வீட்டார் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள். பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கி அந்தப் பக்கமாகவே நடந்து போய்விடுவார்கள். துரை எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம். பார்க்க வேண்டுமானால் பண்டாரவளையில், அவர்கள் இறங்கும் அந்த நாளில் பார்த்தால்தான் உண்டு.

எந்த நாள்? அங்கேதான் மாப்பிள்ளை தன் படிப்பைக் காட்டியிருந்தான். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நாலு மாசம் வீசகணிதம் என்கிற எழுத்துக் கணக்குப் படித்தவனாம். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இந்தக் குடம் கடுதாசி பூராவும் தளும்பியிருந்தது. மொஹிதீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்:

"ஆவணி மூன்றாம் தேதி புறப்படுகிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு முகாம், இந்தப் பக்கம் ஒரு முகாம். அங்கே எத்தனை நாளோ இங்கேயும் அத்தனை நாள். அது எத்தனை என்று இப்போது தெரியாதபடியால் 'ம' என்று வைக்கிறேன். வழிப்பயணம் ஐந்து நாள். ஆகவே 2ம + 5 நாளில் பண்டாரவளை."

"என்னா நானா இது, எழுத்தையும் நம்பரையும் சேத்துக் கூட்டியிருக்கான்?" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"எனக்கும் அதான் வெளங்கல்ல" என்றார் மொஹிதீன். இரண்டாம் தடவை வாசித்தார். மூன்றாம் தடவையும் வாசித்தார். அதற்குள் கருப்பம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது.

"விருந்தாளி வர்றதுக்கு முந்தி எலையப் போட்டு எடம் வச்சிருக்கான் நானா. வர்ற நம்பர் அதுல உக்காரும். ரெண்டு எலை. ரெண்டுலயும் ஒரே நம்பர்தான் உக்காரணும்."

"அடி சக்கை!" என்றார் மொஹிதீன். "அப்ப நாலு நாள்னு வை. என்ன வரும்?"

"நாலும் அஞ்சும் ஒம்போது. ரெண்டு ஒம்போது பதினெட்டு."

"இல்ல, இல்ல. ரெண்டு ஒட்டி நிக்கிறது எழுத்தோட மட்டுந்தான். ரெண்டு நாலு எட்டு. அதுக்கப்புறம் அஞ்சக் கூட்டு. பதிமூணு."

அஞ்சு நாள் மிச்சம்! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த எழுத்தைக் காட்டச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மலையேறினாள்.

அன்றிலிருந்து கொழுந்து எடுக்கும் கைக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை. மூணு போட்டால் பதினொன்று, ஆவணி பதினாலு. அன்றைக்கு மகள் இறங்கினால் வெயிலாய் இருக்கும், முகம் நன்றாய்த் தெரியும். நாலு போட்டால் பதினாறாம் தேதி. பத்துப் போட்டுப் பார்த்து, மாதக் கடைசி வரைக்கும் போவதைக் கண்டு, பதறி அழித்துவிட்டாள். ஒரு நாள் ஆசை தாங்காமல் சைபரே போட்டாள். முகாமே கிடையாது! அஞ்சே நாள்! எட்டாம் தேதி பிள்ளை வந்து நின்றுவிட்டது. தேயிலை நிரையில் நின்றபடி தானாகச் சிரித்தவளைப் பார்த்து, "என்னாடி, பேய் கீய் புடிச்சிருக்கா?" என்று கேட்டாள் மாரியாயி. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மகள் வந்தாள். எவளுக்கும் முகந்தான் இல்லை.

பெரிய கங்காணி வீரய்யாவின் காலில் விழாத குறையாய்க் கெஞ்சினாள். "ஒரு நாளு. ஒரே நாளு" என்றான் அவன். "மறுநா காலைல பேர் கூப்புடுறப்ப பெரட்டுல நீ நிக்கலேன்னா, தொரைக்கு நான் பதில் சொல்ல முடியாது." ஆகவே நாள் பிசகக் கூடாது. முன்னாடியும் போக முடியாது, காத்துக்கிடக்கவும் முடியாது.

ஆவணி நடுவில் கார்டு வந்தது. மொஹிதீன் வாசித்தார்: "முதல் முகாமில் ஏழு நாள். திங்கட்கிழமை உள்ளே வந்தோம், ஞாயிற்றுக்கிழமை விடுகிறார்கள். எல்லாரும் சுகம்."

"ஏழு!" என்றாள். "ரெண்டு ஏழு பதினாலு. அஞ்சு பத்தொம்போது. மூணாந்தேதியோட பத்தொம்போதக் கூட்டுனா இருவத்திரெண்டு."

மொஹிதீன் தாளில் போட்டுப் பார்த்தார். இருபத்திரண்டுதான். மகளுக்குக் கொடு என்று கடையிலிருந்து ஒரு சீட்டித் துணியும் எடுத்துக் கொடுத்தார்.

இருபத்திரண்டாம் தேதி கோழி கூப்பிடும்போது புறப்பட்டுப் பதினாறு மைல் நடந்தாள். ஏற்றத்தில்கூட அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. பகல் ரயில் வருவதற்குள் பண்டாரவளையில் நின்றாள். ரயில் வந்தது. ஒரு துரை இறங்கினார், இரண்டு சுமைகூலி நாட்டாமைகள் மூட்டை இறக்கினார்கள். அவ்வளவுதான். ரயில் திரும்பிப் போகத் தயாராகிவிட்டது.

ஸ்டேஷனுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த றஹீமிடம் போய்க் கேட்டாள். "கொஸ்லந்த ஆளுகளா?" என்றார் அவர். "அவங்க முந்தாநாளே எறங்கிட்டாங்களே! நேத்து அந்தி வரைக்கும் இங்கதான் கெடந்தாங்க. ஒரு சின்னப் பொண்ணு நகர மாட்டேன்னு அடம் புடிச்சிச்சு. அதுக்காக ஒரு நாள் பூராவும் கங்காணி பொறுத்தான்."

கருப்பம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முகாம்ல எத்தன நாளாம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு எடத்துலயும் ஆறு ராத்திரின்னு சொன்னாங்க."

விரலை மடக்கினாள். திங்கள் நுழைந்து ஞாயிறு வெளியே. ஆறு ராத்திரி. நாமோ செத்த நாளையும் சேர்த்தே பதினாறாம் நாள் காரியத்துக்கு எண்ணுகிறவர்கள். உள்ளே போன நாளையும் ஒன்றென்று எண்ணி ஏழு என்று எழுதிவிட்டான் மாப்பிள்ளை. பயணத்துக்கு ஒரு மாதிரி எண்ணியவன், முகாமுக்கு ஊர் வழக்கப்படி எண்ணினான். மூன்று பேர் வாயில் புகுந்து வந்த அந்த ஏழு ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. அதுதானே நம் வழக்கம்! அவள் ஆறைப் போட்டாள். பன்னிரண்டு. அஞ்சு. பதினேழு. ஆவணி இருபது.

"ஒண்ணுதான் பெசகுச்சு" என்றாள், யாரிடமோ. "ஒரு எடத்துல நின்னிருந்தா ஒரு நாளோட போயிருக்கும். நேத்து வந்து புடிச்சிருப்பேன். பாவி எழுத்து ரெண்டு எடத்துல நின்னுச்சே!"

றஹீமுக்குக் கணக்கு விளங்கவில்லை, அழுகை விளங்கியது. தேத்தண்ணி ஊற்றி வைத்தார். அவள் தொடவில்லை. கொஸ்லந்தப் பக்கம் போகிற பாதையைப் பார்த்தாள். போனால் துண்டில்லாத ஆள், பிடித்துக் கோர்ட்டில் நிறுத்துவார்கள். விடிந்தால் பெரட்டு.

"எப்படி இருந்துச்சு எம்புள்ள?"

"உங்க ஒசரம் இருக்கும். கொஞ்சம் கூடவே. இந்த வழியா எந்தப் பொம்பள போனாலும் ஓடிப்போய் மறிச்சி ஒரே கேள்விதான் கேட்டிச்சு. ரெண்டு நாளும் அதே கேள்வி."

"என்னா கேட்டுச்சு?"

"'நீங்க நமுனுகுல கருப்பம்மாவா'ன்னு."

கருப்பம்மா எழுந்து நின்றாள். தலை முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

"இன்னொருவாட்டி சொல்லுங்க நானா. அது கேட்ட மாதிரியே."

றஹீம் தயங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்க நமுனுகுல கருப்பம்மாவா?"

"ஆமா சாமி," என்றாள் அவள். "நாந்தான்."