இளைத்தது நான், பேர் கெட்டது மருமகளுக்கு

எண்பதுகளில் நாங்கள் மலேசியாவில் ஈஜோக் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அப்போது எனக்கு நல்ல கனத்த உடம்பு. தோட்டக்காரர்கள் குடியிருந்த லயத்து வீட்டுப் படியில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் பூனைக்குக்கூட இடம் இருக்காது. உதிரிப் பழம் பொறுக்கக் குனிந்தால், நான் நிமிர்வதற்குள் அடுத்த நிரைக்காரி ஒரு சாக்கை நிரப்பிவிடுவாள்.

முட்டி இரண்டும் வீங்கிப்போய்த் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கும் டிரஸர் எனக்கு மாத்திரை தரவில்லை. உடம்பைக் குறைத்தால் முட்டி தானாக அடங்கும் என்றார். இதைச் சொல்லவா ஒரு ஆஸ்பத்திரி என்று முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சமயம்தான் பத்தாங் காலி என்ற ஊரிலிருந்து மகனுக்குப் பெண் எடுத்திருந்தோம். மருமகள் அதிகம் பேசமாட்டாள். பேசுவதற்குத்தான் இந்தக் கிழவி இருக்கிறாளே என்று விட்டுவிட்டாளோ என்னவோ. டிரஸர் சொன்னதை அவளிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து என் தட்டில் சோறு பாதி, கீரை பாதி. டின் பால் ஊற்றிய டீ நின்றது. நான் சோற்றுச் சட்டியைப் பார்த்தால் அவள் என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கே எனக்குக் கால் கிலோ குறைந்திருக்கும்.

சில மாதங்களில் ரவிக்கை தொளதொளவென்று ஆனது. முட்டி வலி போன இடம் தெரியவில்லை. சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். அதை ஒருத்தியும் பார்க்கவில்லை. என் கழுத்தெலும்பைத்தான் பார்த்தார்கள்.

தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் தினமும் இதே பேச்சு. ஒருத்தி கன்னம் ஒட்டிப்போச்சே என்றாள். இன்னொருத்தி காதருகே வந்து, வெளியே சொல்ல முடியாத வியாதியா என்று கேட்டாள். சொல்லிக்கொள்கிற மாதிரி நல்ல வியாதியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் முதலில் உனக்குச் சொல்கிறேன் என்றேன். மிச்ச உடம்பு எங்கே என்று கேட்டவளிடம், தீபாவளிக்கு எடுக்கலாமென்று பெட்டியில் மடித்து வைத்திருப்பதாகச் சொன்னேன். உண்மையையும் சொல்லிப் பார்த்தேன். நானாகத்தான் சாப்பாட்டைக் குறைத்தேன் என்றதும் அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரும் சோறு கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள். சோறு இருக்கிற வீட்டில் ஒருத்தி வேண்டுமென்றே வயிற்றைக் காயப்போடுவாளா?

அப்படியானால் யாரோ போடாமல் இருக்கிறார்கள். வேறு யார், வந்த மருமகள்தான். அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள், எங்களை மேய்க்கிற கங்காணியான மண்டோரின் பெண்சாதி. மண்டோரம்மா என்போம். தோட்டத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று அவளைக் கேட்டால் போதும். அவள் சொன்னது பஸ் ஏறிப் பத்தாங் காலிக்கே போய்விட்டது. சம்பந்தி ஆளிடம் சொல்லியனுப்பினார்: வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நேரில் வருகிறேன், பேச்சு உண்மையென்றால் இனி மகள் முகத்தில் விழிக்கமாட்டேன்.

நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண்டோர் வீட்டுக்குக் கிளம்பினேன். மருமகள் வாசலில் நின்றாள்.

"வேணாம் அத்தை. நீங்க என்ன சொன்னாலும் மருமவளுக்குப் பயந்து பேசுறாங்கன்னுதான் சொல்வாங்க."

அவள் சொன்னது சரிதான். என் உடம்பைப் பற்றிய விவகாரத்தில் என் சாட்சி செல்லாது.

சாயங்காலம் அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கையில் ஒரு கட்டுக் கீரை. மண்டோரம்மா வாசலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பெரியம்மா, என் சமையல் அத்தைக்குச் சேரல போல. ஒரு வாரம் நீங்க சாப்பாடு போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

மண்டோரம்மாவுக்கு முகமெல்லாம் பல். "ஒரு வாரம் எதுக்கு லா? மூணே நாள்ல தேத்தி அனுப்புறேன் பாரு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

மண்டோர் வீடு தோட்டத்தின் அந்தக் கோடியில், மேட்டுக்கு மேலே. மதியமும் ராத்திரியும் மேடு ஏறி இறங்கினேன். அவளும் வஞ்சனை செய்யவில்லை. ஆட்டுக்கறி, கருவாட்டுக் குழம்பு, பொரித்த மீன். கரண்டியோடு தலைமாட்டில் நின்றாள். கருவாட்டுக் குழம்பு என் ஆத்தா வைத்தது மாதிரியே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் சுருங்கிய வயிறு ஒரு கைப்பிடிக்கு மேல் வாங்கமாட்டேன் என்றது. அவள் கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் மீனுக்கு முள்ளெடுத்துக்கூடக் கொடுத்துப் பார்த்தாள். மேடு ஏறி இறங்கியதில் இன்னும் இளைத்து, வாரக் கடைசியில் என் ரவிக்கையை இழுத்துப் பிடிக்க இன்னொரு ஊக்கு தேவைப்பட்டது.

பைப்படியில் பேச்சு அப்படியே திரும்பியது. மண்டோர் வீட்டுச் சோறு இவ்வளவுதானா, ஊருக்குத்தான் உபதேசமா என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். மண்டோரம்மாவும் வாளியோடு வரிசையில்தான் நின்றாள். நானாயிருந்தால் ஓரமாக நின்று அந்தக் கூத்தைக் கண்குளிரப் பார்த்திருப்பேன். என் மருமகள் வாளியைக் கீழே வைத்தாள்.

"பெரியம்மா தட்டு நெறையத்தான் போட்டாங்க. முட்டி வலிக்காக எங்க அத்தைதான் சாப்பாட்டைக் கொறச்சிக்கிட்டாங்க. சோறு போட்டவங்க மேல பழி சொல்லாதீங்க."

அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். இத்தனை மாதம் நான் வாய் வலிக்கப் பேசியும் நடக்காததை, அந்தப் பிள்ளை மூச்சு வாங்காமல் முடித்துவிட்டாள். அதுவும் தன் பேரைக் கெடுத்தவளுக்காகப் பேசி.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். முகம் இறுகியிருந்தது. மகளைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார். நாங்கள் வாய் திறப்பதற்குள் மண்டோரம்மா, யாரும் கூப்பிடாமலே, மேட்டிலிருந்து இறங்கி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க மவ மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் தெரியாமப் பேசிட்டேன். இந்தப் பொம்பளைக்கு நானே ஒரு வாரம் பொங்கிப் போட்டேன். வாய்தான் பெருசு, வயிறு இத்துனூண்டு."

சம்பந்தி மண்டோரம்மாவைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். இறுக்கம் தளர்ந்தது. அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்து, "இருந்தாலும் சம்பந்தியம்மா, ரொம்பத்தான் எளச்சிட்டீங்க" என்றார்.

எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மருமகள் முந்திக்கொண்டாள். "அப்பா, கையக் கழுவுங்க, சாப்பிடலாம்."

அவர் உட்கார்ந்தார். அவள் சோற்றுச் சட்டியோடு பக்கத்தில் நின்றாள். போதும்மா, போதும்மா என்று அவர் தட்டைக் கையால் மறைத்தார். அவள் விரலிடுக்கில் போட்டாள்.