பெருமாளோடு காய்

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். விளக்கேற்றிவிட்டுப் பெருமாள் படத்தின் முன் கைகூப்பி நின்ற அக்கா மெதுவாகச் சொன்னாள்:

"உங்களுக்கு எது சரின்னு படறதோ, அதைப் பண்ணுங்கோ."

எனக்குத் திக்கென்றது. 'உங்களுக்கு'? 'பண்ணுங்கோ'? அக்காவா... பெருமாளிடமா?

இந்தத் திக் உங்களுக்குப் புரிய நாற்பது வருஷம் பின்னால் போகவேண்டும்.

அப்பாவை 'நீங்க' என்போம். பஸ் கண்டக்டரை 'நீங்க' என்போம். அண்டங்களையெல்லாம் படைத்தவன் மட்டும் அக்காவுக்கு 'நீ'. கோபம் வந்தால் 'டா'. பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையைச் சொதப்பிய அன்று நேராகச் சன்னிதிக்குப் போய், சுண்டு விரலை நீட்டிக் 'காய்' விட்டாள். மூன்று நாள் கோயில் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் அவளே போய் இரண்டு விரலை நீட்டிப் 'பழம்' விட்டாள்.

"அவன் முகம் வாடியிருந்ததுடா!"

சொல்லுக்கும் நினைப்புக்கும் எட்டாதது என்கிறது வேதாந்தம். தொடக்கமில்லை, முடிவில்லை. சரிதான். ஆனால் அதே 'அது'தான் இந்த ஊரில் பால் குடிக்கிறது, போர்வை போர்த்திக்கொள்கிறது, வீதி சுற்றிவிட்டு மண்டபத்தில் இளைப்பாறுகிறது. எட்டாத அதுவும், சண்டை போடுகிற தூரத்தில் படுத்திருக்கும் அவனும் ஒன்றேதான் — இதை எனக்குப் புத்தகங்கள் சொல்லவில்லை. அக்காவின் சுண்டு விரல் சொன்னது.

ஐந்து மாதம் முன்பு அத்திம்பேருக்கு, அக்காவின் கணவருக்கு, ஸ்ட்ரோக். பேச்சு திரும்பிவிட்டது, வலது கால் திரும்பவில்லை. அன்றிலிருந்து அக்கா கோயிலுக்குப் போகவில்லை. இந்தமுறை காய்கூட விடவில்லை — மரியாதை கொடுத்துவிட்டாள்! அதுதான் பயம். சண்டை போடுகிறவர்கள் திரும்பி வருவார்கள். 'நீங்க' என்று விலகியவர்கள்?

மறுநாள் காலை கோயிலுக்கு வற்புறுத்திக் கூப்பிட்டேன். தயங்கினாள்.

"போயிட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றார் கட்டிலில் இருந்த அத்திம்பேர்.

க்யூ நகர்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்த நீண்ட கரிய மேனி... அக்கா திருவடியையே பார்த்தாள். பிறகு வெடித்தாள்.

"நன்னா காலை நீட்டிண்டு படுத்திண்டிருக்கியேடா! ஆத்துல ஒருத்தர் ஒரு காலை மடக்க முடியாம கிடக்கார்... தெரியறதா உனக்கு?"

"நகருங்கோ மாமி, நகருங்கோ" என்றார் பட்டர்.

பின்னால் நின்ற பெண்மணி மிரண்டுபோய், "யாரைம்மா திட்டுறீங்க?" என்றார்.

"உள்ள படுத்திண்டிருக்கானே, அவனைத்தான்!"

வெளியே வந்தோம். அக்காவின் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. எனக்கோ அந்தப் பிராகாரம் முழுக்க ஓடவேண்டும் போலிருந்தது. 'டா' வந்துவிட்டதே!

"என்னக்கா... பழம் விட்டாச்சா?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல அவனை விடச் சொல்லு."