ஒரு மேசையில் மூன்று கணினி

யோசப்பின் அக்கா சரியான வாய்க்காரி. யோசப்பின் என்பது அவருடைய பெயர்தான்; பதிவில் மேரிஜோசப்பின். எங்கள் தீவில், ஊர்காவற்றுறை மீனவர் சங்கத்தில் பன்னிரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர், 2008இல் எங்களோடு கணினி வகுப்பில் சேர்ந்தார். அப்போது வயது முப்பத்துநான்கு. அவர் கண் வைத்திருந்த கணினி உதவியாளர் வேலைக்கு முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். இந்த முறை சான்றிதழ் கிடைக்காவிட்டால் அதோடு சரி.

சோதனைக்கு ஒரு கிழமை, ஏழே நாள் இருக்க, மின்சாரம் கூடிக் குறைந்து எங்கள் மூன்று கணினிகளில் இரண்டு எரிந்துபோயின. சோதனையன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பரிசோதகர் மிச்சமிருந்த ஒன்றைப் பார்த்துவிட்டுப் பையை மூடினார்.

"மூண்டு கொம்பியூட்டரை இணைச்சுக் காட்டவேணும். ஒண்டை எதோட இணைக்கிறது? அடுத்த வருசம் பாப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ சேர். மூண்டும் இதுக்குள்ளை இருக்கு."

பொய்யில்லை. அந்தக் கிழமை முழுக்க இருந்து, ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே மூன்று மெய்நிகர் கணினிகளை உருவாக்கியிருந்தார். அவற்றை இணைக்கும் சுவிட்சும் மென்பொருள்தான், கையால் தொட முடியாது. மூன்றுக்கும் இலக்கம் கொடுத்தார். முதலாவது கூப்பிட, இரண்டாவது பதில் சொன்னது. மூன்றாவது கம்மென்று கிடந்தது.

பரிசோதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன்.

அக்கா அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கடவுளே! இதை மட்டும் வெளிக் கம்பியிலை விட்டிட்டன். தீவுச் சனத்தின்ரை புத்தியைப் பாருங்கோ சேர், எல்லாம் வெளியாலைதான் வரவேணும் எண்ட நினைப்பு!"

மூன்றாவதையும் உள்ளே இருந்த சுவிட்சுக்கு மாற்றினார். பதில்கள் வரிசையாக வந்தன. பரிசோதகர் நம்பவில்லை. எழுந்துபோய்க் கணினியின் பின்பக்கத்து இணைப்புக் கம்பியைப் பிடுங்கினார். பதில்கள் நிற்கவில்லை.

"விதியிலை மூண்டு கொம்பியூட்டர் எண்டு கிடக்கு..." என்று இழுத்தார்.

"ஓம் சேர். மூண்டு மேசை எண்டும் கிடக்கோ?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீர் லேசான ஆளில்லை" என்றபடி புள்ளித்தாளை எடுத்து, தேர்ச்சிக்கு 'சித்தி' என்று எழுதி ஒப்பமிட்டார். அதுவரை வாயாலேயே சமாளித்த அக்கா, வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

"பன்னிரண்டு வருசமடி" என்றார். "ஆரின்ரை வள்ளத்திலை எத்தினை கிலோ மீன் எண்டு எழுதினது காணும், போதும்."