மாதேஸ்வரன் படத்துக்குப் பின்னால் சிவந்த சுவர்

இதை எழுதலாம் என்று பல வருடங்களாகப் பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். மேல்வீட்டு ஓனரம்மா இருக்கும்வரை எழுத மனம் வரவில்லை. போன கார்த்திகையில் அவர் சிவன் காலடி சேர்ந்தார். எனக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் மைசூரில் நாங்கள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தசராவுக்காக வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த கொஞ்ச நாளிலேயே பூஜை அறைச் சுவர் ஊறிப்போய், நாங்கள் சிவனாகக் கும்பிடும் மாதேஸ்வரன் படத்துச் சட்டத்தில் பூஞ்சை பிடித்தது. அம்மா காலையில் சின்ன லிங்கம் ஒன்றுக்குச் செம்புத் தண்ணீரால் அபிஷேகம் செய்வாள். பழி அந்த அபிஷேகத்தின்மேல் விழுந்தது.

“ஏன்மா, தேவருக்கு ஊத்தறியா, என் சுவருக்கு ஊத்தறியா? அபிஷேகம் நிக்கணும். இல்லாட்டி வேற மனை பாத்துக்கோ, அஷ்டே, அவ்வளவுதான்!” என்றார் ஓனரம்மா, கன்னடம் கலந்த தமிழில்.

அன்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ஹனூரில், பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த லிங்கம் அது.

ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்த சித்தப்பா, உதிரிச் சாமான்களை வைத்து ஒரு பெட்டி செய்தார். அதன் இரண்டு ஒயர் முனைகளிலும் ஈரம் பட்டால் கத்தும். அம்மா தரை துடைத்தாலும் கத்தியது, நான் கால் கழுவிவிட்டு வந்தாலும் கத்தியது. கடைசியில் அதைப் படத்துக்கு மேலே, கூரையை ஒட்டி வைத்தார். அங்கேயும் கத்தியது.

“அண்ணி, தண்ணி மேலருந்து வருது. நம்ம சாமி மேல குத்தமில்ல.”

ஓனரம்மா ஒப்பவில்லை. “நீ செஞ்ச பெட்டி, நீ சொன்னபடிதான் கூவும்” என்றுவிட்டார்.

சித்தப்பா விடுகிற ஆளா? மேல்வீட்டு ரேடியோவைப் பார்க்கப் போன சாக்கில், கை கழுவுவதுபோல், எங்கள் பூஜை அறைக்கு நேர் மேலே இருந்த குளியலறைக்குள் போய், தண்ணீர் போகும் ஓட்டையில் மஞ்சள்தூளைக் கொட்டி வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து எங்களிடம் சொன்னார். சுவரில் மஞ்சள் தெரிந்தால் குழாய் உடைந்தது நிரூபணமாகும் என்பது அவர் கணக்கு.

மறுநாள் காலை மஞ்சள் வரவில்லை, சிவப்பு வந்தது. படத்துக்குப் பின்னாலிருந்து குங்குமம் கரைந்ததுபோல் கோடு கோடாக இறங்கியது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைக்கிற பெண்களுக்குத் தெரியும். சித்தப்பாவுக்கு எங்கே தெரியும்? வாயைப் பிளந்து நின்றார்.

எங்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்த ஓனரம்மா, “மாதப்பா!” என்று மாதேஸ்வரனைக் கூவி, அந்தச் சிவப்பைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். “தப்பாயிடுச்சு, மாதப்பா! உன் அபிஷேகத்த நான் தடுத்தேனே!” என்று அழுதார்.

“அது வந்து, உங்க பாத்ரூம்...” என்று தொடங்கினார் சித்தப்பா.

“தம்பி, கடைக்கு நேரமாச்சு, கெளம்புங்க” என்றாள் அம்மா. பிறகு ஓனரம்மாவின் விரல்களைத் தன் முந்தானையால் துடைத்தாள். “அக்கா, சாமி எடத்தக் காட்டிட்டாருங்க. உள்ள கொழா உடைஞ்சிருக்கும். அவரு நனையறாரு பாருங்க. கொத்தனாரக் கூப்பிட்டுப் பாத்துரலாமுங்க.”

அன்றே கொத்தனார் வந்து சுவரை உடைத்தார். விரிசல் விட்ட குழாயை மாற்றினார்கள். வீட்டைக் காலி செய்யும் பேச்சு அதோடு போயிற்று. திங்கட்கிழமைகளில் ஓனரம்மாவே அபிஷேகத்துக்குப் பால் கொண்டுவந்து கொடுப்பார்.

எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. தப்பு அவர்கள் குழாயில் இருக்க, திட்டு வாங்கியது நாங்கள். “மஞ்சள் விஷயத்த ஏம்மா சொல்லல?” என்று கேட்டேன்.

“அவங்க கண்ணப் பாத்தியா நீ?” என்றாள் அம்மா.

பார்த்தேனே! அழுத கண், அவ்வளவுதானே! அதில் வேறென்ன இருக்கிறது என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

இதை யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். ஓனரம்மாவைப் பார்த்து நாலு பேர் சிரிக்கிற மாதிரி மாற்றிவிடாதீர்கள். கொத்தனார் வருவதற்கு முன், என்னைத் தவிர யாரும் இல்லாத நேரத்தில், எல்லாம் தெரிந்த என் அம்மாவும் அந்தச் சுவரின் முன் விழுந்து கும்பிட்டாள். அதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.