மல்லிகைச் செடிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

என் தங்கச்சியின் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த டாக்டர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவரால் முடிந்ததை அவர் செய்தார். அந்தக் கால் அழுகுவதற்கு நாற்பத்து நான்கு நாள் கூடவே நின்று உதவி செய்தவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் பெக்டரி வேன் ஓட்டுகிறேன். பாலிங் ரோட்டுப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய் சுங்கை பட்டாணியில் இறக்குவது என் வேலை. தங்கச்சி நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே, கடைசி வரிசை வீட்டில் இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள். தங்கச்சிக்கு ஒன்பது வருஷமாக இனிப்பு நீர் வியாதி. காலையும் மாலையும் மாத்திரை, படுக்கும் முன் வயிற்றில் ஒரு ஊசி. அந்த ஊசியைப் போட்டுக்கொள்ள அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

போனில் அவளுக்கு முதலில் வந்தது ஒரு கேள்வி பதில் விளையாட்டு. எந்தக் கீரை சூடு, எந்தக் கிழமை எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று கேட்பார்கள். சமையல்கட்டில் நிற்பவளுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு. டக்கு டக்கென்று சொல்வாள், நட்சத்திரம் விழும். நிறைய நட்சத்திரம் சேர்ந்ததும் ஒரு குரூப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு பெண்குரல், நம்ம ஊர்ப் பேச்சிலேயே, தினமும் காலையில் கேட்கும்: "அக்கா, பசியாறிட்டீங்களா?" அப்படி அவளைக் கேட்க வேறு யார் இருந்தார்கள்? நான் தினமும் அவள் வீட்டு வழியாகத்தான் போவேன். ஹாரன் அடிப்பேன், அவள் கையாட்டுவாள். இறங்குவது அபூர்வம்.

அப்புறம் செடி வந்தது. போனுக்குள்ளே ஒரு மல்லிகைச் செடி. தினமும் அவள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினால் ஓர் இலை விடும். சொந்தக்காரர் யாராவது தங்கள் போனிலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஊற்றாவிட்டால் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

"அண்ணே, நீ ஒரு தட்டு தட்டுனா போதும்லா. மறந்துடாத."

"வாசல்ல கருவேப்பில காஞ்சு கெடக்கு, அதுக்கு ஊத்துனியாடி நீ?" என்று கிண்டல் செய்தேன்.

"அது கெடக்கட்டும். இதுக்கு ஊத்து."

ஊற்றினேன். பெக்டரி வாசலில் வேனை நிறுத்திவிட்டு தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு தட்டு. என் போனில் தெரிந்தது செடியும் ஒரு குவளையும் மட்டும்தான். தனிக்கட்டைக்கு ஒரு பொழுதுபோக்கு, போகட்டும் என்று நினைத்தேன்.

செடி வைத்த அந்த வெள்ளிக்கிழமைதான் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்பு கட்ட வேண்டும், கூட வா என்றாள். திருவிழா எதுவும் இல்லை. நாற்பத்தெட்டு நாள் விரதம் என்றாள். தட்டை நான்தான் ஏந்தி நின்றேன். பூசாரி அவள் இடது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கை வைத்து நூலைச் சுற்றினார். எதற்கு வேண்டுதல் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வழக்கம் அது. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது, கேட்பவனுக்கும் ஆகாது. காப்பு கட்டியவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. முடிவு நாளில் பூசாரிதான் அவிழ்க்க வேண்டும். மகள் கல்யாணத்துக்காக இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் காலில் சாக்ஸ் போட்டிருந்தாள். என்ன என்றேன். "செருப்புக் கடிச்சிருச்சுண்ணே" என்றாள். பிறகு வீட்டுப் பக்கம் போனாலே மஞ்சள் வாசனை, வேப்பிலை வாசனை. விரதக்காரி வீடு அப்படித்தானே இருக்கும்? அந்த வாசனைக்கு அடியில் வேறொரு நாற்றம் இருந்தது. மூக்கு இருந்து என்ன பிரயோசனம்?

நாற்பத்து நான்காம் நாள் ஹாரன் அடித்தேன். அவள் வரவில்லை. இறங்கிப் போனேன். சமையல்கட்டுத் தரையில் சுருண்டு கிடந்தாள். உடம்பு கொதித்தது. சாக்ஸைக் கழற்றினேன். மூன்று விரல் கறுத்துப்போய், பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மஞ்சளைக் குழைத்து அப்பி வைத்திருந்தாள். ஐயோ என்று கத்தினேன். தண்ணீர் எடுக்க ஐஸ்பெட்டியைத் திறந்தால் கதவு ஓரத்தில் ஊசி மருந்து பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. கிளினிக் பையில் மாத்திரை அட்டைகள் முழுசாக. ஒன்றைக்கூட அவள் தொடவில்லை.

தூக்கப் போனேன். அந்த நிலைமையிலும் கையை உதறினாள். "எல்ல தாண்டித் தங்கக் கூடாதுண்ணே. இன்னும் நாலு நாளுதான்."

தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் கை வீங்கிப்போய் காப்பு நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. நர்ஸ் அதை எடுக்கச் சொன்னார். பூசாரிக்குப் போன் போட்டேன். "அறுத்துடுப்பா. ஆத்தா ஒன்னும் கோவிச்சிக்க மாட்டா, ஆள மொதல்ல பாரு" என்றார். நர்ஸ் கொடுத்த கத்திரிக்கோலால் நானே அறுத்தேன்.

ஆபரேஷன் நடந்தபோது வெளியே உட்கார்ந்து அவள் போனைத் திறந்து அந்தப் பெண்குரலை முதல் நாளிலிருந்து கேட்டேன். "டாக்டர் மாத்திரை உடம்புல விஷமாத் தங்கிடும்க்கா. ஒரு மண்டலம் தொடாம இருங்க, இனிப்பு நீரே போயிடும். காப்புக் கட்டிக்குங்க, அப்பதான் யாரும் உங்கள மாத்த முடியாது. வீட்ல சொல்லாதீங்க." இருபதாம் நாள்: "கால்ல புண்ணு வருதா? நல்லதுக்கா. விஷம் வெளிய போவுது." அவள் தினமும் அழுத்திய பொத்தானில் எழுதியிருந்தது, "இன்று மருந்து தொடவில்லை." ஒவ்வோர் இலைக்குக் கீழேயும், தண்ணீர் ஊற்றியவர் என்று என் படம். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர்கள் ஒருநாளும் காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளே சந்தேகப்பட்டிருப்பாள். நம் கோயில், நம் நூல், நம் வாய்மூடித்தனம் எல்லாம் தெரிந்த எவளோ ஒருத்தி, எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாசமாய்ப் போக.

தங்கச்சி கண் விழித்ததும் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைப் பார்த்தாள்.

"யாரு அறுத்தது?"

"நான்தான்."

"நாலு நாளு பொறுத்திருந்தா என் காலு எனக்கு இருந்திருக்கும்லண்ணே."

டாக்டர் தமிழில் விளக்கினார். மகள் ஜொகூரிலிருந்து வந்து அழுதாள். பூசாரி வார்டுக்கே வந்து, அம்மன் மருந்து வேண்டாம் என்று சொல்வாளா என்று கேட்டார். எல்லாருக்கும் தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் போட்ட ஊசியைப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு போடுகிறாளா என்று எனக்குத் தெரியாது. என்னை உள்ளே விடுவதில்லை. இன்னும் ஒரு கால் இருக்கிறது. நான் பயப்படுவது அதை நினைத்துத்தான்.

போன வாரம் காலை, வேன் நிறைய ஆள். பின் சீட்டில் புதிதாக ஏறத் தொடங்கியிருக்கும் ஒரு பெண் போனில் எதையோ சத்தமாக வைத்தாள். தங்கச்சியின் குரல். அழுதுகொண்டே பேசினாள். "மண்டலம் முடிய நாலு நாள் இருக்கையில எங்கண்ணன் காப்ப அறுத்துட்டாரு. அதான் எனக்குக் கால் போச்சு. யாரும் பாதியில விட்டுடாதீங்கம்மா. கூடப்பொறந்தவங்க சொன்னாலும் விட்டுடாதீங்க."

"பாவம்லா. எல்லா குரூப்லயும் ஓடுது" என்றாள் அந்தப் பெண். "கூடப் பொறந்தவனே இப்பிடிப் பண்ணுவானாண்ணே?"

கண்ணாடியில் பார்த்தேன். அவள் இடது மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

"என்னம்மா வேண்டுதல்?" என்றேன். என் வயசுக்கு ஒருத்தரிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அதெல்லாம் கேக்கக் கூடாதுண்ணே" என்று சிரித்தாள்.

"எத்தனாவது நாளு?"

"பதினொன்னு."

வேனை ஓரங்கட்டினேன். பின்னால் திரும்பி, "அந்த அண்ணன்காரன் நான்தாம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தபடியே, நூல் கட்டிய கையை மடியில் வைத்து துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.